பத்து இஞ்சு ஸ்பீக்கர்

— ஆம்ப்ளிப் பொட்டி சின்னது மனுவேலு. பத்து இஞ்சு ஸ்பீக்கர இதுக்குள்ள எங்கன கொண்டு வைக்க? ஈஸ்டருக்குத்தான ஆறு இஞ்சக் கழத்திட்டு எட்டு போட்டுக் குடுத்தேன்.

— கொஞ்சம் ஒறக்கச் சொல்லுங்க வன்னியபெருமாள் அண்ணாச்சி. ரோட்டுல லாரி போவுது.

— லாரி ஒண்ணும் போகல. எட்டு இஞ்சுக்கு என்ன வந்துச்சுன்னு கேட்டேன்.

— அத ஏன் கேக்கீய. போட்ட புதுசுல கித்தார்க் கம்பியத் தொட்டா நெஞ்சுக்குள்ள எறங்கும். இப்ப பஞ்சுப் பொதிக்குள்ள இருந்து வாசிக்க மாதிரி இருக்கு. ஹில்டா மைக்குல பாடுனா கெணத்துக்குள்ள நின்னு பாடுதா. ஸ்பீக்கர் காகிதம் கிழிஞ்சிருக்கும்னு நெனைக்கேன்.

— தெறந்து பாத்திருவோம். ஹில்டா, அந்தத் திருப்புளிய எடு தாயி.

— இந்தாங்க அண்ணாச்சி. ஒரு ஆணி மட்டும் துருப்பிடிச்சிருக்கு, பாத்து.

— உப்புக்காத்துல எதுதான் துருப்பிடிக்கல... ம், வந்துட்டு. இங்க பாரு மனுவேலு, காகிதத்துல ஒரு கீறல் கெடையாது. காந்தம் நல்ல பிடியா இருக்கு. பேட்டரி எப்ப போட்டது?

— போன வாரம்.

— அப்ப கித்தார மாட்டு. வாசி.

— வாசிக்கேன்... பாத்தீயளா? இன்னும் கூட்டுங்க அண்ணாச்சி, பாதியில வச்சிருக்கீய.

— லே, முழுசும் திருப்பியாச்சு. நிறுத்து, நிறுத்து. எதுத்த கடை எபனேசர் காதப் பொத்திக்கிட்டு வெளிய வந்து நிக்கான்.

— அவன் கிண்டலுக்கு நிப்பான். பத்து இஞ்சு போடுங்க. இந்தப் பொட்டிக்குள்ள போகலன்னா தனியா ஒரு பொட்டி அடிங்க.

— கையில தூக்கிட்டுப் போறதுக்குன்னு வாங்குன சாமான். கடைசியில கைவண்டியில வச்சுத் தள்ளப்போற.

— என்ன சொல்லுதீய?

— ஒண்ணுமில்ல. மூணு டீ வாங்கிட்டு வா. டீ, டீ.

— ஆங், டீயா. வாரேன்.

— உம் புருசன் போயிட்டான் தாயி. உங்கிட்ட மறைக்க முடியல. கோளாறு பொட்டியில இல்ல.

— தெரியும் அண்ணாச்சி.

— தெரிஞ்சுமா கூட வந்திருக்க?

— வேற என்ன செய்யச் சொல்லுதீய? புதுத் துறைமுகம் தெறந்த வருசம் இவிய சங்கு குளிக்கப் போனாவல்லா, அப்ப வந்த வினை. மூக்கடைச்ச தடுமலோட எறங்கி, ரெண்டு காதுலயும் ரத்தமா ஏறி வந்தாவ. வள்ளத்துல எல்லாரும் வேண்டாம்னுதான் சொல்லியிருக்காவ.

— பெறகு ஏன் எறங்குனான்?

— என்னாலதான். கிறிஸ்மஸ் பூசைக்கு ஆம்ப்ளி வச்சுப் பாடணும்னு ஆசப்பட்டேன். கப்பல்ல போற எங்கண்ணன் சிங்கப்பூர்ல இருந்து வாங்கியாரேன்னுச்சு. அதுக்குக் குடுக்கத்தான் அந்த ஒரு சீசன் போனாவ.

— டாக்டர் என்ன சொல்லுதாரு?

— கொஞ்சங் கொஞ்சமா முழுசும் போயிரும்னு என்னத் தனியாக் கூப்பிட்டுச் சொன்னாரு. நான் அவியகிட்டச் சொல்லல. பக்கத்துல நின்னு கத்துனா இப்பவும் கேக்கும். பாட்டு கேக்காது.

— மைக்குல நீ பாடுதத அவன் கேக்கானே?

— ஆடிக் காத்துல எனக்குத் தொண்ட கட்டிட்டு. சாயந்தரம் செபம் முடிஞ்சதும் வழக்கம்போல கித்தார எடுத்து வச்சுக்கிட்டு உக்காந்திருக்காவ. வேண்டாம்னு சொல்ல மனசு வரல. மைக்கு முன்னால நின்னு வாய மட்டும் அசைச்சேன். முடிச்சதும் சொல்லுதாவ, “ஏளா, இன்னைக்குத்தான் நீ நல்லாப் பாடுன”ன்னு.

— அடப் பாவமே.

— அதுக்குப் பெறகு எனக்குப் பாட்டு வரமாட்டேங்கு அண்ணாச்சி. வாயத் தெறந்தா அழுகதான் வருது. தெனமும் சும்மா அசைக்கேன். அவியளும் தலையாட்டிக் கேக்காவ. கோயில்லயும் பாட்டுக் குழுவுக்கு வரலன்னு சொல்லிட்டேன்.

— எத்தன நாளைக்கு இப்படிச் சமாளிப்ப?

— தெரியல. நீங்க பத்து இஞ்சு போட்டுக் குடுத்துருங்க. ஸ்பீக்கர் மேலதான் குத்தம்னு நெனச்சுக்கிட்டு இருக்கட்டும்.

— அந்தா வாரான். கண்ணத் தொடச்சுக்க. பெரிய பொட்டிக்கு முகப்புத் துணி வேணும், நீயே போயி உனக்குப் பிடிச்ச நெறத்துல வாங்கிட்டு வா.

— சரி அண்ணாச்சி.

— டீக்கடையில ஒரே கூட்டம். ஹில்டா எங்க போறா?

— துணி வாங்க. நீ உக்காரு. என் வாயப் பாரு மனுவேலு. எத்தன இஞ்சு போட்டாலும் உனக்குக் கேக்காது. ஸ்பீக்கர் நல்லாத்தான் இருக்கு.

— அது எனக்குத் தெரியாதா அண்ணாச்சி?

— பெறகு எதுக்குலே இந்தப் பிடிவாதம்?

— அவ பாடுதத விட்டுட்டா. நடுவுல கித்தார நிறுத்திட்டு அவளத் தனியாப் பாட விடுவேன், அப்ப பொட்டி மேல கைய வச்சிருப்பேன். அவ குரலுக்குப் பலகை அதிரும். ஆடி மாசத்துல இருந்து அதிரல. பத்து இஞ்சு போட்டு, இப்ப எல்லாம் கேக்குன்னு சொன்னா, மாட்டிக்கிருவோம்னு பயந்துக்கிட்டாவது பாடுவா. எனக்குக் கேக்காட்டிப் போகுது.

— அவ எதுனால விட்டான்னு தெரியுமாலே?

— கேட்டா சொல்லமாட்டா.

— வாய மட்டும் அசைச்ச அன்னைக்கு, இன்னைக்குத்தான் நல்லாப் பாடுனன்னு சொன்னியாம். அந்தச் சொல்லுதான் அவ தொண்டைய அடைச்சிட்டு.

— அன்னைக்கும் பலகை அதிரல அண்ணாச்சி. தொண்ட கட்டியும் எனக்காக வந்து நிக்காளேன்னுதான் அப்படிச் சொன்னேன்.