எட்டாத கைப்பிடி

வெள்ளிமலை பஸ்ஸில் நல்ல கூட்டம். என் சீட்டை ஒட்டி ஓர் அக்காவும் தம்பியும் நின்றிருந்தார்கள். திடீரென்று தம்பி பையிலிருந்து அளவு டேப்பை எடுத்து, "அக்கா, கையத் தூக்கு, அளக்கணும்" என்றான்.

"பஸ்லயாடா? இன்னாத்துக்கு?"

"புது ட்ரெயின் பெட்டிக்கு. மேல தொங்குற கைப்பிடிய எவ்ளோ உசரத்துல வெக்கிறதுன்னு எங்க டிசைன் ஆபீஸ்ல மறுபடியும் பாக்குறாங்க. வூட்ல கேக்க வாய் வரல."

"போன பெட்டிக்கு யார் கைய அளந்தீங்க?"



"ஆபீஸ் ஆம்பளைங்கள நிக்க வெச்சு அளந்தோம். டேப்பப் புடிச்சது நான்தான்."

"நான் அதே ட்ரெயின்லதானடா வேலைக்குப் போய்க்கினு இருந்தேன். என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே. விரல் நுனியில தொங்கிக்கினு போனேன். பிரேக் போட்டான், தோள்பட்ட எறங்கிடுச்சு."

"தெரியும்க்கா."

"வேலையும் போச்சு."

"தெரியும்க்கா."

அவள் வலது கையைத் தூக்கினாள். அது தோளுக்கு மேல் போகவில்லை. அவன் டேப்பைச் சுருட்டத் தொடங்கினான்.

"இருடா." கம்பியிலிருந்து இடது கையை எடுத்து மேலே நீட்டினாள். "இது நல்லா இருக்குது, இத அளந்துக்கோ. வளைவு வருது, என்னப் புடிச்சுக்கினு அள."