சுர்மயி இறங்கும் மாடி

அந்தக் கூட்டத்தோட ஓடாதீங்க தம்பி, நில்லுங்க. உங்க வழிகாட்டி அடுத்த வளைவு வாசல்ல நின்னு பொய் சொல்ல ஆரம்பிச்சிருப்பான். அவன் பேச்சு லேசுல முடியாது. நான் சொல்லிக் குடுத்த பொய், எனக்குத் தெரியாதா? பாதுஷாவோட யானை தும்முச்சு, வளைவு இடிஞ்சுதுன்னு போன வருஷம் டீ குடிக்கும்போது ஒரு வார்த்தை விட்டேன். இப்ப அவன் யானைக்குப் பேரே வச்சுட்டான். இடிச்சது தண்ணி லாரி.

சிரிக்காதீங்க. நீங்களும் நின்னு போட்டோ எடுத்திருப்பீங்க. தரியாகஞ்ச் வரைக்கும் கார், அங்கேருந்து வாடகை சைக்கிள், தலையில தர்பூசணி ஓடு மாதிரி ஒரு ஹெல்மெட். இதுக்குப் பேரு பழைய தில்லியைப் பாக்கறது. எங்க சந்துல சைக்கிள் வந்தா பின்னாடி பால் கேனாவது இருக்கும், கோழிக்கூடையாவது இருக்கும். உங்க சைக்கிள் எதைச் சுமக்குது? உங்களை. பாவம்.

ஏன் வானத்தையே பாக்குறேன்னா? அதையாவது கேட்டீங்களே. வர்றவன் எவனும் தலையைத் தூக்கறதில்லை. அந்தா, மசூதி மினாருக்கு இந்தப் பக்கம் சுத்துதே புறாக் கூட்டம், அது ரஃபாகத்தோடது. எதிர் வரிசையில பச்சைக் கம்பி போட்ட மாடி. மனுஷனா அவன், தாடி வச்ச பூனை. அந்தக் கூட்டத்துல ஓரமா ஒருத்தி பறக்குறா பாருங்க, வெள்ளை, கண்ணோரம் மட்டும் மை தீட்டின மாதிரி. சுர்மயி. என் புறா.

அங்க எப்படிப் போனாளா? உங்க ஆளுங்க புண்ணியம். போன மாசம் இதே மாதிரி ஒரு சைக்கிள் கூட்டம் ரஃபாகத் வாசல்ல நின்னுச்சு. கதவு நவாபு காலத்துதாம். அவன் பழைய சாமான் கடையில வாங்கிப் போட்ட கதவு. அங்க ஒரு அம்மா விளையாட்டா மணி அடிச்சுது. மேல பறந்துட்டிருந்தவ நேரா அவன் மாடியில இறங்கிட்டா. தீனி நேரம்னு நினைச்சிருக்கா. மத்தவங்க விசிலடிச்சுக் கூப்பிடுவாங்க, எனக்குப் பல்லு போனப்புறம் வாயில காத்துதான் வருது. அதான் மணியில பழக்கினேன்.

திருப்பிக் கேக்கறதா? எங்க மாடிங்கள்ல இறங்கின புறா பிடிச்சவனுக்குச் சொந்தம். நானே அவனோடதுங்க எத்தனையோ பிடிச்சு வச்சிருக்கேன். இருந்தும் வெக்கத்தை விட்டுப் போனேன். பேரீச்சம்பழம் வச்சு உபசரிச்சான். மியான், உங்க பொண்ணுக்கு என் மாடி பிடிச்சுப் போச்சுன்னான். பிடிச்ச அன்னிக்குப் பறக்காம இருக்கக் கட்டின இறக்கையை இன்னிக்குத்தான் அவிழ்த்து விட்டிருக்கான். தானாத் திரும்பி என் மாடியில இறங்கினா ஒருத்தனும் வாய் திறக்க முடியாது. அங்கேயே இறங்கித் தின்னுட்டாளோ, அப்புறம் அதான் அவ வீடு.

ரிக்‌ஷா மணிக்கெல்லாம் இறங்க மாட்டாளான்னா? யார் என்ன அடிச்சாலும் நின்னு பாக்க அவ என்ன உங்களை மாதிரியா? ஒரே ஒரு மணிக்குத்தான் வருவா. பித்தளை, விளிம்புல விரிசல், கிணுக்குனு சத்தம்.

உங்க சைக்கிள் கைப்பிடியை விடணுமா? விடறேன், இருங்க. எனக்குக் கண் ஆபரேஷன் பண்ணிப் படுக்க வச்சிருந்தப்ப, வீட்டைச் சுத்தம் பண்றேன்னு என் மகன் என் சைக்கிளைத் தூக்கி வித்துட்டான். வாங்கின வாடகைக் கடைக்காரங்க மஞ்சப் பெயிண்ட் அடிச்சாங்க. மணியை மாத்தலை. நீங்க உக்காந்திருக்கறது அதுலதான்.

இறங்க வேணாம், சைக்கிளை நீங்களே வச்சுக்குங்க. கொஞ்சம் பின்னால வாங்க, என் வாசலுக்கு நேரா. ரஃபாகத் தீனித் தட்டைக் கையில எடுத்துட்டான். ஒரு தடவை போதும். நீங்களே அடிங்க தம்பி, நான் அவளைப் பாத்துக்கிட்டு நிக்கறேன்.