குதிரைப் பால் பண்ணை அறிக்கை

அல்மாத்தி நகரத்தில் பிப்ரவரி மாதம் நேர்முகத் தேர்வுக்குப் போவதில் பெரிய தொல்லை காலணிதான். எவ்வளவு துடைத்தாலும் பனிச்சேறு ஒட்டிக்கொள்ளும். வாசலில் நின்று துடைத்துவிட்டுத்தான் உள்ளே போவேன். அப்படிப் பதினேழு அலுவலகங்களுக்குப் போயிருக்கிறேன்.

நிதித்துறையில் முதுகலை, வகுப்பில் இரண்டாம் இடம். அதை யாரும் குறை சொல்லவில்லை. ஒரு வங்கியில் இருந்த அம்மாள் மட்டும் கொஞ்சம் விளக்கமாகப் பேசினார்.

"வேலை பார்த்த அனுபவம் இருக்காம்மா?"

"யாராவது வேலை கொடுத்தாத்தானே மேடம் அனுபவம் வரும்?"

"வரும். வேற எங்கயாவது வாங்கிக்கிட்டு இங்க வாங்க."

என்னோடு படித்த ஷோல்பானும் நானும் நகரத்து ஓரத்தில் ஒரு பழைய வீட்டின் பின்னறையில் வாடகைக்கு இருந்தோம். நிலக்கரி அடுப்பு வைத்த அறை. அவளுக்கும் வேலை கிடைக்கவில்லை. ஆனால் சலித்துக்கொள்ள மாட்டாள். "அனுபவம் கேட்டா நாமளே ஒண்ணை உண்டாக்கிட்டுப் போவோம் மரால்" என்றவள், தல்கார் பக்கம் ஒரு குதிரைப் பால் பண்ணையில் போய் மூன்று வாரம் இருந்தாள். எங்கே நஷ்டம், எதில் முதலீடு போடலாம் என்று நாற்பது பக்க அறிக்கை எழுதினாள். "நீயும் வாடி, ரெண்டு பேர் பேரையும் போட்டுக்கலாம்" என்று கூப்பிட்டாள். எனக்குச் சாணி நாற்றம் ஒத்துக்கொள்ளாது.

ஒரு முதலீட்டு நிறுவனம் எங்கள் இருவரையும் ஒரே நாளில் அழைத்தது. எனக்குக் காலை பத்து மணி, அவளுக்கு மதியம் இரண்டு. இருந்தது ஒரே காலியிடம். அறிக்கையை அவள் நேரில் கொடுப்பதாக இருந்தாள். நான் அவள் கணினியிலிருந்து அதை எடுத்து என் பெயரில் அச்சடித்துக்கொண்டு, அங்கே இருந்ததை அழித்தேன். இதைத் திருட்டு என்று வாக்குமூலத்தில் எழுதாதீர்கள் ஐயா. அவளுக்குப் புள்ளியியல் சொல்லிக்கொடுத்ததே நான்தான்.

ஆனால் அவளிடம் அச்சடித்த பிரதி ஒன்று இருந்தது. மதியம் அவளும் அதையே நீட்டினால் நன்றாக இருக்காது.

அன்று அவளுக்குச் சளி. மாத்திரை போட்டுக்கொண்டு, "பன்னெண்டுக்கு அலாரம் வச்சிருக்கேன். நீ போய் ஜெயிச்சுட்டு வா" என்று போர்த்திக்கொண்டாள். அவள் தூங்கியதும் அலாரத்தை அணைத்தேன். அடுப்பு நிறையக் கரி போட்டு, பற்றியதும் புகைப்போக்கியின் தகட்டை இழுத்து மூடினேன். நான் நிலக்கரிச் சுரங்க ஊரான கராகந்தாக்காரி. தகட்டை மூடினால் வெளியேறாமல் அறையில் தேங்கும் கரிவாயு என்ன செய்யும் என்பது எங்கள் ஊரில் பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். கொஞ்சம் தலைவலி, கொஞ்சம் மயக்கம். அவ்வளவு போதும் என்றுதான் நினைத்தேன்.

"அனுபவமே இல்லாத பொண்ணு இவ்வளவு விவரமா எழுதியிருக்கே" என்றார் இயக்குநர் ஒராஸ்பெக். அங்கேயே வேலை உறுதியானது. இரண்டரைக்கு அலுவலகத்திலிருந்து போன் வந்தது.

"உங்க அறைத் தோழி வரலை. போனும் எடுக்கலை."

"மனசு மாறி ஊருக்குப் போயிட்டா" என்றேன்.

அவள் தேர்வைத் தவறவிட்டது அப்போதே உறுதியாகிவிட்டதே, ஐந்து மணி வரை டீக்கடையில் ஏன் இருந்தாய் என்று கேட்கிறீர்கள். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. இரண்டு சம்சா சாப்பிட்டேன்.

ஒன்பது மாதம் நல்லபடியாக வேலை பார்த்தேன். போன வாரம் அந்தப் பண்ணைக்காரர் முதலீடு கேட்டு வந்தார். அறிக்கையைப் பார்த்தார், என்னையும் பார்த்தார். "எங்க பண்ணைக்கு வந்தது இந்தப் பொண்ணு இல்லையே. அது குதிரைங்களப் பேர் சொல்லிக் கூப்பிடும்" என்றார்.

நேர்முகத் தேர்வு நாளன்று ஐந்து மணிக்கு மேல் நான் அறைக்குத் திரும்பியபோது ஷோல்பான் கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவே கிடந்தாள். மூச்சு இருந்தது. எனக்குத் தலை சுற்றாமலிருக்கக் கதவைத் திறந்து வைத்தேன். அவள் பையிலிருந்த பிரதியை அடுப்பில் போட்டேன். தாள் சரியாக எரியவில்லை என்று தகட்டைத் திறந்தேன். நாற்பது பக்கம், கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகுதான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன்.

அது வருவதற்குள் மூச்சு நின்றுவிட்டது. அதுவரை நான் அவள் கையை விடவே இல்லை. அவளுடைய அம்மா இன்றுவரை அதைச் சொல்லித்தான் அழுகிறார். அதையும் எழுதிக்கொள்ளுங்கள் ஐயா. கடைசி நேரத்தில் அவளைத் தனியாக விடாதவள் நான் ஒருத்திதான்.