பிடி நாளைக்குத்தான்

மேடையில் அமர்ந்திருக்கும் நம் இரும்புக் கருவி வியாபாரிகள் சங்கத் தலைவர் அய்யா விஸ்வேஸ்வரன் அவர்களே, விளாங்குடிப் பட்டறையில் உலையை அணைத்துவிட்டு ஓடி வந்திருக்கும் அண்ணன் பேயாண்டி அவர்களே, தாயை இழந்து நிற்கும் அழகம்மாளே, சிம்மக்கல் கடைக்காரர்களே, தோட்ட வேலையைப் போட்டுவிட்டு வந்திருக்கும் விவசாயப் பெருமக்களே, தாய்மார்களே! உங்கள் எல்லோருக்கும் முத்துக்கருப்பனின் வணக்கம்.

எனக்கு மேடைப் பேச்சு வராது. சைக்கிளில் ஆணியும் கீலும் கட்டித் தெருத் தெருவாக விற்றுக் கடை வைத்தவன் நான். பேரம் பேசத் தெரியும், அவ்வளவுதான். ஆனால் நம் சங்கத்தின் துணைத் தலைவர், வெட்டுக்கத்திக் கடை மாயக்காள் அம்மாளைப் பற்றி நான் பேசாமல் வேறு யார் பேசுவது? அவர் கடைக்கும் என் கடைக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். அந்தச் சுவர் இல்லாவிட்டால் நாங்கள் இன்னும் சௌகரியமாகச் சண்டை போட்டிருப்போம்!

கணவர் போன பிறகு, கைக்குழந்தையாக இருந்த இந்த அழகம்மாளை இடுப்பில் வைத்துக்கொண்டு கடை திறந்தவர் அவர். ஒரு பெண்பிள்ளை பாத்திரக் கடை வைக்கலாம், பூக்கடை வைக்கலாம், வெட்டுக்கத்தியும் கொடுவாளுமா விற்பது என்று கேட்டவர்கள் உண்டு. அப்படி ஒருவர் என் காதுபடவே கேட்டார். அம்மா சொன்ன பதிலும் என் காதில் விழுந்தது. "ஏண்ணே, ஒங்க வீட்டுல கத்தி பிடிக்கிறது யாரு? நீங்களா, மதினியா?" அவர் அதற்கப்புறம் அந்தப் பக்கம் வரவே இல்லை.

இரும்பு விற்கிறவர்கள் இந்த ஊரில் எத்தனையோ பேர் இருக்கிறோம். இரும்பைப் பற்றி ஓர் அபிப்பிராயம் வைத்துக்கொண்டு, அதற்காக வாடிக்கையாளரோடு, கொல்லரோடு, பக்கத்துக் கடைக்காரனோடு மல்லுக்கு நின்றவர் எத்தனை பேர்? வெட்டுக்கத்தி என்றால் லாரிப் பட்டையில்தான் அடிக்க வேண்டும் என்பது அவர் கட்சி. லாரிக்கு அடியில் பாரத்தைத் தாங்கி, வளைந்து வளைந்து நிமிர்ந்த பட்டை இருக்கிறதே, அதுதான் கட்டையில் போட்டால் ஒடியாது என்பார். பழைய பட்டையில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்குமே அக்கா என்று நான் கேட்பேன். "அதுக்குத்தான தம்பி காது இருக்கு" என்பார். ஒவ்வொரு துண்டையும் நூலில் தொங்கவிட்டுத் தட்டிப் பார்ப்பார். மணி மாதிரி ஓசை நின்று ஓய்ந்தால் உள்ளே. சொத்தென்று அடங்கினால் வெளியே. அண்ணன் பேயாண்டி சிரிக்கிறார்! அவருடைய பட்டறையிலிருந்து வந்து, சொத்தென்று அடங்கி, திரும்பிப் போன பட்டைகளை அவர் இன்னும் மறக்கவில்லை.

தேய்ந்த அரத்தை அடித்துக் கத்தி செய்தால் கூர் நாள்பட நிற்கும். ஆனால் கணுவில் பட்டால் கண்ணாடி மாதிரித் தெறிக்கும் என்று அதை வாங்க மாட்டார். மர அறுவை மில்லின் வாள் பட்டை மெல்லிசு, வாழை இலை அறுக்க ஆகும், விறகுக்கு ஆகாது என்பார். விளிம்பு கடுசாக இருக்க வேண்டும், முதுகு மெத்தென்று இருக்க வேண்டும்; மொத்தக் கத்தியையும் தண்ணீரில் முக்கி முறுக்கேற்றுகிற கொல்லனுக்குச் சோம்பேறி என்று பெயர். நான் சொல்லவில்லை, அம்மா சொன்னது!

நான் எவர்சில்வர் கட்சி. துரு ஏறாது, இளநீர் பட்டாலும் வாழைக் கறை பட்டாலும் கருக்காது, துடைத்து வைத்தால் முகம் பார்க்கலாம். நான் புதிதாக எவர்சில்வர் வெட்டுக்கத்தி இறக்கியபோது தெருவே கேட்கச் சொன்னார்: "ஒங்க எவர்சில்வரு கல்யாணத்தன்னைக்கு மாப்ள மாதிரி தம்பி. பாக்க அம்புட்டு அழகு. வேல சொல்லிப் பாருங்க, தெரியும்." எனக்கு ரோஷம் வந்துவிட்டது. இரண்டு கடைக்கும் நடுவில் காய்ந்த கருவேலங்கட்டையைப் போட்டேன். அவர் கத்தி ஒன்று, என் கத்தி ஒன்று. சுமை தூக்குகிற மொக்கையன் அண்ணன்தான் இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டார். கூட்டம் கூடி டவுன் பஸ் நின்றது. கட்டை பாதி வருவதற்குள் என் கத்தியின் விளிம்பு சுருண்டுவிட்டது. ஊரே சிரித்தது. அம்மா சிரித்தாரா? இல்லை! சுருண்ட கத்தியை வாங்கித் துடைத்து, விளிம்பைத் தட்டி நேராக்கி, வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனார். மறுநாள் காலையில் வந்து சொன்னார், "காய் நறுக்க நல்லாத்தான் இருக்கு தம்பி. முருங்கக்கா சும்மா நழுவுது." தோற்றவனுக்கு அதைவிட இதமாக யார் மருந்து போடுவார்கள்?

ஆனால் பெரியோர்களே, நான் இன்றைக்கு இரும்பைப் பற்றிப் பேச வரவில்லை. பிடியைப் பற்றிப் பேச வந்தேன்.

மாயக்காள் அம்மாள் கடையில் பிடி போட்ட வெட்டுக்கத்தி தொங்காது. வெறும் அலகுதான் தொங்கும். அலகைத் தேர்ந்தெடுத்தால், உங்கள் உள்ளங்கையில் நூலைச் சுற்றி அளவெடுப்பார். பிடிக்கு மரம் எது என்று கேட்பார். மறுநாள் போனால்தான் பிடி போட்டுக் கொடுப்பார். தெரிந்த முகமா, தெரியாத முகமா, தூரத்து ஊரா, கூடப் பிறந்த அண்ணனா, எல்லோருக்கும் ஒரே பேச்சு: "பிடி நாளைக்குத்தான்." இந்த அரங்கத்தில் அதற்காக அவரைத் திட்டாதவர் யாராவது உண்டா? கை தூக்குங்கள் பார்ப்போம்! ஒருவரும் இல்லை.

நான் வியாபாரி. என் புத்திக்கு அது வியாபாரத் தந்திரமாகத்தான் பட்டது. ஒரு கத்திக்கு ஆளை இரண்டு தடவை கடைக்கு வரவைத்தால், இரண்டாம் தடவை ஒரு சாணைக்கல்லாவது வாங்குவான். ஆகா, என்ன மூளை என்று மெச்சிக்கொண்டேன். அந்த வெயில் கால மத்தியானம் வரைக்கும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

திருவாதவூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர் வந்தார். பெயர் சொல்ல மாட்டேன். கத்தி வாங்க வருகிறவர் என்ன செய்வார்? கையில் எடுத்துக் கனம் பார்ப்பார், கட்டைவிரலால் விளிம்பைத் தடவுவார், விலை கேட்டு முகம் சுளிப்பார். இவர் எதுவும் செய்யவில்லை. இருந்ததிலேயே நீளமானதைக் காட்டி, "இதக் குடுங்க" என்றார்.

"பிடி நாளைக்குத்தான்."

"பிடி வேணாம். துணியச் சுத்திக்கிறேன்."

"துணி சுத்துன கத்தி என் கடை வாசலத் தாண்டாது. கையக் காட்டுங்க, அளவெடுக்கணும்."

அவர் சட்டென்று திரும்பி என் கடைக்கு வந்தார். என் தலைக்கு மேலே, பிடி போட்ட கத்திகள் வாழைத்தார் மாதிரித் தொங்குகின்றன. சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அம்மாவின் குரல் வருகிறது: "தம்பி! ஒங்க கடையிலயும் பிடி போட்டது தீந்துபோச்சுல்ல?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் அந்தக் குரலில் அப்படி ஒரு நடுக்கத்தை அதற்கு முன் கேட்டதில்லை. "ஆமாக்கா, நேத்தே தீந்துபோச்சு" என்றேன்.

அவர் மேலே பார்த்தார். என்னைப் பார்த்தார். "அப்ப அது என்னா?"

"அதா... அது ஆர்டர் சாமான்ண்ணே. எல்லாம் வித்தாச்சு."

இப்படி ஒரு பொய்யை எந்த வியாபாரியும் சொல்லியிருக்க மாட்டான்! அவர் திகைத்து நின்ற அந்த நேரத்துக்குள் அம்மா வெளியே வந்து, தாம் உட்காரும் முக்காலியை எடுத்து வெளியில் போட்டு, "உக்காருங்க" என்று கையைப் பிடித்து நூலைச் சுற்ற ஆரம்பித்துவிட்டார்.

"பிடிக்கு வேல மரமா, வாகையா?"

"எது வேணா போடுங்க."

"எது வேணான்னு சொல்லப்படாது. நாளெல்லாம் பிடிக்கப்போறது நீங்க. வேல மரம் கனம், கை ஓஞ்சுபோகும். வாகைன்னா லேசு, வேர்வைக்கு வழுக்காது. அலகு எதுல அடிச்சதுன்னு கேக்கவே இல்லையே நீங்க? லாரிப் பட்ட. தட்டிக் காட்டட்டுமா?"

தட்டிக் காட்டினார். பட்டையின் கதை, அரத்தின் கதை, வாள் பட்டையின் கதை, கூடவே என் எவர்சில்வர் கத்தி சுருண்ட கதை, எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னார். அந்த மனிதர் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா விடவில்லை. மறுபடியும் வாகைக்கு வந்தார். அப்போதுதான் அவர் தலையைத் தூக்கிச் சொன்னார்: "வாகை வெடிக்கும்க்கா. வேல மரமே போடுங்க."

அவையோரே, அந்த நிமிஷத்தில் அம்மாவின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்! ஓர் அபிப்பிராயம் வந்துவிட்டது. மரத்தைப் பற்றி யோசிக்கிற ஆள் திரும்பி வந்துவிட்டார். "அதத்தான நானும் சொல்றேன்" என்றார் அம்மா. சொன்னது நேர் எதிர்! அப்புறம் அந்த மனிதர் தாமாகவே அழுதார், அழுதுகொண்டே சொன்னார். அண்ணன் தம்பி பாகம், பொதுக் கிணறு, மோட்டார் போடுகிற முறை. அன்று காலையில் தம்பி மோட்டாரின் வயரைப் பிடுங்கி எறிந்திருக்கிறார், பேச்சு முற்றிக் கைகலப்பும் ஆகியிருக்கிறது. அழுது முடித்து, ஒரு காப்பியைக் குடித்துவிட்டு பஸ் ஏறிப் போனார்.

மறுநாள் அவர் வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. எனக்கு வியாபாரி புத்தி போகுமா? "என்னாக்கா, பிடியும் போட்டு வச்சாச்சு, ஆளக் காணோமே" என்றேன்.

"வராட்டி நல்லதுதான தம்பி" என்றார்.

வராத வாடிக்கையாளருக்காகச் சந்தோஷப்பட்ட ஒரு கடைக்காரரை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்தேன்! அவர் பக்கத்துக் கடையில் இருந்தேன்!

அறுவடை எல்லாம் முடிந்து, வரப்பு முள்ளை வெட்ட வேண்டும் என்று அந்த மனிதர் சாவகாசமாக வந்தார். கத்தியைப் பிடித்துப் பார்த்து, "பிடி பருத்திருக்கேக்கா" என்று குறை சொன்னார். "அன்னைக்கு ஒங்க கை வீங்கியிருந்துச்சு அப்பு" என்று சொல்லிச் சீவிக் கொடுத்தார் அம்மா. அண்ணனும் தம்பியும் இன்றைக்கும் பேசிக்கொள்வதில்லை. கிணற்று வழக்கு கோர்ட்டில் நடக்கிறது. நடக்கட்டும்! இரண்டு பேரும் தங்கள் காலால் நடந்து கோர்ட்டுக்குப் போகிறார்கள் அல்லவா?

அப்புறம் ஒருநாள் நான் கேட்டேன். "அக்கா, சந்தேகப்பட்ட ஆளுக்கு மட்டும் நாளைக்கு வரச் சொல்லுங்க. மத்தவங்கள எதுக்கு அலைய விடணும்? மூஞ்சியப் பாத்தாத் தெரியாதா?"

"மூஞ்சியில என்னா தம்பி தெரியும்? எம் மூஞ்சியே கோவக்கார மூஞ்சிதான். எனக்கே நான் விக்க மாட்டேன்" என்றார். "ஒருத்தர மட்டும் நிப்பாட்டுனா அவரு கோவம் எம்மேல திரும்பும். எல்லாருக்கும் ஒண்ணுன்னா, என்னைத் திட்டிக்கிட்டே போயிருவாரு. திட்டட்டும்."

போன வாரம் கடையை அடைக்கும் நேரத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார் அந்த அம்மாள். எழுந்திருக்கவில்லை. அழகம்மா, அழு தாயி. நன்றாக அழு. ஆனால் ஒன்றை இந்தச் சபையில் நான் போட்டு உடைத்துவிடுகிறேன். நேற்று ஒரு கம்பெனி ஏஜெண்டு இந்தப் பிள்ளையைத் தேடி வந்தார். பிளாஸ்டிக் பிடி போட்டு, காகித உறையில் வைத்த பெரிய கத்தி. வாங்கினால் அப்படியே கையில் எடுத்துக்கொண்டு போகலாம். நம் தெருவில் அநேகமாக எல்லோரும் ஆர்டர் கொடுத்தாயிற்று. அழகம்மாள் என்னிடம் வந்து கேட்டது: "மாமா, அம்மா மாதிரி நானும் நாளைக்கு வாங்கன்னு சொல்லணும்னுதான் ஆச. ஆனா நான் மட்டும் சொல்லிக்கிட்டு இருந்தா யாரு மாமா என் கடைக்கு வருவா?"

நியாயமான கேள்வி. மாயக்காள் அம்மாளுக்கு முப்பது வருஷப் பெயர் இருந்தது, தாங்கியது. இந்தப் பிள்ளை தனியாகத் தாங்குமா? தாங்காது. வியாபாரம் தெரிந்தவன் சொல்கிறேன், தாங்காது. அம்மாவின் வழக்கம் இந்த ஊரில் இருக்க வேண்டுமென்றால் தெரு மொத்தமும் அதைத் தூக்க வேண்டும். இல்லையென்றால் படத்துக்கு மாலை போட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாம்.

நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். கோபத்தோடு வருகிறவன் இங்கே கிடைக்காவிட்டால் திண்டுக்கல்லில் வாங்குவான், அதைத் தடுக்க முடியுமா என்றுதானே? முடியாது! போகட்டும், திண்டுக்கல்லுக்கே போகட்டும்! போவதற்கு பஸ்ஸில் உட்கார வேண்டும் அல்லவா? சன்னல் ஓரத்தில் உட்கார்ந்து, காற்று முகத்தில் அடித்து, பக்கத்தில் இருக்கிற கிழவர் எந்த ஊர் என்று கேட்டு, அதற்குப் பதில் சொல்ல வேண்டும் அல்லவா? அம்மா கேட்டதும் அவ்வளவுதான். ஒருவன் கொஞ்ச நேரம் உட்கார வேண்டும்.

எவர்சில்வரா லாரிப் பட்டையா என்ற வழக்கில் நான் இன்னும் தோற்கவில்லை. அதைச் சாகும் வரை பேசுவேன். இந்த வழக்கில் நான் அம்மா கட்சி. அந்த ஏஜெண்டுக்கு நான் கொடுத்த ஆர்டரை இன்று காலையில் ரத்து செய்துவிட்டேன். நாளை முதல் என் கடையில் வெட்டுக்கத்திக்குப் பிடி மறுநாள்தான். தலைவர் அய்யா இந்தக் கூட்டம் கலைவதற்குள் இதைச் சங்கத்தின் தீர்மானமாக வைக்க வேண்டும். கை தூக்க மனமில்லாதவர்கள் அழகம்மாளின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்கட்டும்.

ஆணி விற்கிற கடையில் உட்கார இடம் வைக்கக் கூடாது என்பது என் தொழில் பாடம். ஒருவன் உட்கார்ந்தால் இன்னொருவன் நிற்கிற இடம் போய்விடும். இத்தனை வருஷத்தில் என் கடையில் உட்கார்ந்த வாடிக்கையாளர் ஒருவரும் இல்லை. இங்கே வருகிற வழியில் ஆசாரியிடம் ஒரு பெஞ்சுக்குச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். இரண்டு பேர் தாராளமாக உட்காரலாம்.