பஸ்ஸில் ஓர் ஒத்திகை

"நீங்க வாயத் தொறந்ததுமே நான் எந்திரிச்சுப் போயிட்டேனுங்க" என்றாள் முன் சீட்டுப் பெண், பக்கத்தில் உட்கார்ந்தபடியே, தன் கணவனிடம்.

காளப்பநாயக்கன்பட்டியில் ஏறிய ஜோடி. பெங்களூரில் ஆட்குறைப்பு செய்து அவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்பது பேச்சிலிருந்து தெரிந்தது. இனி தொழில் செய்கிறவர்களுக்கு ஆலோசனை சொல்லிப் பிழைக்கப் போகிறானாம். மலைமேல் குண்டூர் நாட்டில் தன் மிளகைத் தானே பாக்கெட் போட்டு விற்க நினைக்கும் ஓர் அக்காதான் முதல் ஆள். அந்த அக்காவாக இவள் நடிக்கிறாள். ஊரே யோசனையை ஓசியில் சொல்கிறது, இதற்கு ஒரு ஆபீஸா என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

"மார்க்கெட்டிங் ஸ்ட்ராட்டஜின்னா என்னன்னா..."

"மறுபடியும் போயிட்டேன். எத்தன கொடின்னு கூடக் கேக்கலீங்க நீங்க."

"சரி. எத்தன மொளகுக் கொடிங்க வெச்சிருக்கீங்க?"

"நூறு இருக்குமுங்க. இப்பத்தான் உக்கார்றேன்."

"யாருங்க பறிக்கிறது?"

"நானும் எங்க ஊட்டுக்காரருந்தான். அவரு உங்களாட்டம் பேசமாட்டாரு."

அவன் சிரித்தான். "இதுல உங்களுக்கு எதுங்க பயமா இருக்குது?"

அவள் அவன் முகத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

"இதுவும் போச்சுன்னா, மறுபடியும் மாசக்கணக்கா மோட்டுவளையப் பாத்துட்டுப் படுத்துக்குவீங்களேன்னுதானுங்க."

அவன் வாயடைத்துப்போனான். அடுத்த கொண்டை ஊசி வளைவு தாண்டியதும் அவள்தான் பேசினாள்.

"கேள்வி நல்லாருக்குதுங்க. இத அந்தக்காகிட்டயும் கேளுங்க. கேட்டுட்டு, இப்ப மாதிரியே சும்மா இருங்க."