ஆழினியின் இடது கன்னம்

புத்தகம் வாங்கினால் நான் உடனே படிப்பதில்லை, சார். கண்ணாடித்தாளில் உறை போட்டு, ஓரங்களை மடித்து ஒட்டி, அதன் பிறகுதான் திறப்பேன். என் வீட்டுக்காரி நந்தினி, "பொண்ணு பாக்க வந்தன்னிக்கு கூட என்னை இவ்ளோ பத்ரமா பாக்கல நீ" என்று கிண்டல் செய்வாள். உண்மைதான். அட்டையின் முனை மடங்கினால் எனக்குச் சோறு இறங்காது. இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், அச்சகத்தில் நடந்ததைப் பற்றிய உங்கள் அறிக்கையில் என் பெயருக்குப் பக்கத்தில் 'கவனக்குறைவு' என்று எழுதியிருப்பதாகக் கேள்விப்பட்டேன். அதைத் திருத்தத்தான் சோழவரத்திலிருந்து பஸ் ஏறி உங்கள் ஸ்டேஷனுக்கு வந்திருக்கிறேன்.

இன்னொரு காரணமும் உண்டு. ஸ்டீவன் அண்ணனை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். என்னைவிட மூத்தவர், என் மிஷினில் எனக்குத் துணையாக வேலை செய்பவர். அவர் கத்தவில்லை என்று முதலாளி சொல்கிறார். அவர் கத்தினார், சார்.

எங்கள் கும்மிடிப்பூண்டி அச்சகத்தில் பெரும்பாலும் பிஸ்கட் டப்பாவும் மருந்து டப்பாவும்தான் ஓடும். எப்போதாவது புத்தக அட்டை வரும். நாலு கலர் மிஷின், பழையது. மூடியைத் திறந்தால் தானாக நின்றுவிட வேண்டும். அந்த ஏற்பாடு கெட்டுப்போய் யாரும் சரி செய்யவில்லை. அதனால் எங்களுக்குள் ஒரு பழக்கம் வைத்திருந்தோம். உருளையைத் துடைக்க உள்ளே கைவிடுகிறவர் "கை" என்று கத்துவார். பட்டன் அருகே நிற்கிறவர் அதையே திருப்பிக் கத்திவிட்டு, தன் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிக் காட்டுவார். "எடுத்தாச்சு" என்று கேட்கும்வரை தூக்கிய கை இறங்காது. வெளியாட்கள் பார்த்தால் சிரிப்பார்கள், ஏதோ கோயிலில் நிற்பதுபோல இருக்கும். ஆனால் நான் அங்கே சேர்ந்ததிலிருந்து ஒருவருக்கும் நகம்கூடப் பெயர்ந்ததில்லை.

இனி புத்தக விஷயம். பூவராகவன் எழுதும் 'கடல்முடி' வரிசையை நீங்கள் படித்திருக்க மாட்டீர்கள். கடலுக்கு அடியில் நகரங்கள், உப்பைப் பேசவைக்கும் வித்தை, அதைக் கற்று ராணியாகும் ஆழினி என்ற பெண். அதற்கு இணையத்தில் ஒரு வாசகர் குழு இருக்கிறது. அதை நடத்துபவன் நான். அங்கே என் பெயர் அன்புசெல்வன் இல்லை, 'முடிக்காவலன்'. கதையைவிட நாங்கள் அட்டையைப் பற்றித்தான் அதிகம் பேசுவோம். முதல் பாகத்தின் அட்டையில் இரண்டு நிலா, கதையில் மூன்று. அதற்கு மாதக்கணக்கில் சண்டை. இரண்டாம் பாகத்தில் எழுத்து பெரிதாகி ஆழினியின் கூந்தலை மறைத்துவிட்டது என்று ஒருவர் குழுவை விட்டே போனார். இன்னொருவர் படகின் பாய் காற்றுக்கு எதிராகப் புடைத்திருக்கிறது என்று படம் போட்டு விளக்கினார். இந்தச் சண்டைகளைத் தீர்க்க நான் ஒரு விதி வைத்தேன்: நூலில் இருப்பதே தீர்ப்பு. நம் ரசனை எப்படியும் இருக்கட்டும், கதையில் எழுதியிருப்பதுதான் அட்டையில் வர வேண்டும். எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள்.

முதல் மூன்று அட்டைகளையும் வரைந்தவர் வரதன் என்ற ஓவியர். அவர் ஆழினியை எப்போதும் முதுகுப்பக்கம்தான் காட்டினார். அது எனக்கு மிகவும் பிடிக்கும். சோழவரத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் போய்வரும் நேரத்தில்தான் நான் படிப்பேன். பஸ் நிறைய பேக்கிங் செக்‌ஷன் பெண்கள். வெயிலில் கறுத்து, தூக்கம் கலையாத முகங்கள். காலையிலும் அதே, மாலையிலும் அதே. புத்தகத்தைத் திறந்தால் ஆழினி திரும்பி என்னைப் பார்ப்பாள். வெண்ணெய் நிறம், மாசு மருவில்லாத கன்னம். நந்தினிக்குக்கூட அவளைப் பற்றி நான் சொன்னதில்லை. அவள் எனக்கு மட்டும் முகம் காட்டினாள், அவ்வளவுதான்.

நாலாம் பாகத்துக்குப் புதிதாக ஒரு பெண் வரைந்தாள். ஷைனி, கடம்பத்தூர்க்காரி. அவள் ஆழினியைத் திருப்பிவிட்டாள்.

அட்டைப் படத்தை இணையத்தில் வெளியிட்ட அன்று குழு இரண்டுபட்டது. கறுத்த முகம், இடது கன்னத்தில் பெரிய தீத்தழும்பு, கையில் விளக்கு. கம்பெனி பஸ்ஸிலிருந்து யாரையோ இறக்கி நிறுத்தியது மாதிரி இருந்தது. சிலர் என் பக்கம் நின்றார்கள். ராணிக்கு இந்த முகமா என்றார் ஒருவர். புத்தகத்தைக் குப்புறத்தான் அடுக்கி வைப்பேன் என்றார் இன்னொருவர். ஆனால் இளமதி என்ற டீச்சர், "என்னை மாதிரி ஒருத்தியை அட்டையில் பார்ப்பது இதுதான் முதல் தடவை. அழுதுவிட்டேன்" என்று எழுதியதற்கு எக்கச்சக்கமான பேர் கைதட்டினார்கள். நான் அதை நீக்கவில்லை. நீக்க எனக்கு அதிகாரம் இருந்தது, ஆனாலும் நீக்கவில்லை. ஷைனிக்கு மட்டும் ஒரு நீண்ட கடிதம் எழுதினேன். தப்பான வார்த்தை ஒன்றுகூட இல்லை. உங்கள் கை நல்ல கை, ஆனால் நூலை மீறுகிறது, முகத்தை மாற்றுங்கள் என்றேன். பதில் வராததால் மறுபடி எழுதினேன். அதன் பிறகு தினமும் எழுதினேன்.

அந்த அட்டை எங்கள் அச்சகத்துக்கே வரும் என்று நான் நினைக்கவில்லை. வந்தது.

புத்தக அட்டை அடிக்கும்போது வரைந்தவரோ பதிப்பாளரோ நேரில் வந்து முதல் தாளைப் பார்த்துக் கையெழுத்துப் போடுவது வழக்கம். கலர் ஓகே என்போம். கையெழுத்து விழுந்துவிட்டால் பிறகு கடவுளே வந்தாலும் நிறத்தை மாற்ற முடியாது. ஷைனி காலை டீ முடிந்த நேரத்தில் வந்தாள். சின்ன உருவம். மிஷின் சத்தத்துக்குக் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் முதல் தாளை நீட்டினேன்.

"அண்ணா, மூஞ்சி வெளுத்துக்கினு போவுதே?"

வெளுக்கத்தான் செய்திருந்தேன். கறுப்பைக் குறைத்து மஞ்சளைக் கொஞ்சம் தூக்கியிருந்தேன். தழும்பு பாதி காணாமல் போயிருந்தது. "பேப்பர் அப்டிம்மா. காஞ்சா சரியாய்டும்" என்றேன்.

"இல்லண்ணா. இது எங்கம்மா மூஞ்சி. எனக்குத் தெரியாதா? இன்னும் கறுப்பு குடுங்க."

கொடுத்தேன். மறுபடி பார்த்தாள். இன்னும் என்றாள். மறுபடி கொடுத்தேன். தாளுக்குத் தாள் ஆழினி என்னைவிட்டுப் போய்க்கொண்டிருந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை, அதை நான் மறைக்கப் போவதில்லை. முகம் மட்டும் சாதாரணமாக இருந்திருக்கும், ஏனென்றால் அவள் என்னிடம் கதை பேச ஆரம்பித்தாள்.

"இந்த மூஞ்சிக்கு நான் எவ்ளோ வாங்கிக் கட்டிக்கினேன் தெரியுமாண்ணா? முடிக்காவலன்னு ஒருத்தரு. அசிங்கமா ஒரு வார்த்தை எழுத மாட்டாரு. ஆனா அவருதான் ரொம்ப நோவடிச்சாரு. கொஞ்ச நாள் போன தொறக்கவே இல்ல."

"அவரு இன்னா சொல்றாரு?"

"கதையில அப்டி இல்லன்றாரு. மொத பாகத்துலயே கீதுண்ணா. 'ஆழினி விளக்கைத் தூக்கிப் பிடித்தாள்'னு வருமே, அங்க."

"நானும் படிச்சிருக்கேன்மா, பல வாட்டி. அப்டி ஒண்ணும் இல்லியே."

அவள் என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள். டப்பா அடிக்கிற ஆள் கடல்முடி படிப்பான் என்று எதிர்பார்க்கவில்லை போலும். சந்தோஷம் தாங்கவில்லை அவளுக்கு. "அப்போ உங்களுக்கு மட்டும் சொல்றேன். இன்னும் மூணு பாகம் வருது, எல்லாத்துக்கும் நான்தான். ஒவ்வொரு அட்டையிலயும் அவளுக்கு வயசாவும். கடைசில நரை வெச்சு, பல்லு ஒண்ணு போன மாதிரி வரையப் போறேன்."

நான் "நல்லாருக்கும்மா" என்றேன்.

அடுத்த தாளில் தழும்பின்மேல் ஒரு வெள்ளைப் புள்ளி விழுந்தது. உருளையில் சுற்றியிருக்கும் அச்சுத் தகட்டில் தூசி ஒட்டினால் அப்படி வரும், தினமும் வருகிற சங்கதிதான். மிஷினை நிறுத்தினேன். ஸ்டீவன் அண்ணன் துணியை எடுத்துக்கொண்டு மூடியைத் திறந்தார்.

"அவங்களே தொடைக்கட்டுமேண்ணே. அவங்க படம்தானே" என்றேன்.

"வெளியாளப் போயி உள்ள கைவுட சொல்றியே அன்பு. வேணாம்பா."

"மிஷின் நின்னுக்கினுதானே கீது."

ஷைனிக்கு ஆசை. அம்மாவின் கன்னத்தைத் தானே துடைக்கலாம் என்றால் யாருக்குத்தான் ஆசை இருக்காது. துணியை வாங்கிக்கொண்டாள். துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டச் சொன்னேன்; துணி சிக்கினால் உயிருக்கே ஆபத்து. அந்த அளவுக்கு எனக்குக் கவனம் இருந்தது. அவள் இடது கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு வலது கையை உள்ளே நீட்டினாள். அவளுக்கு எங்கள் வழக்கம் தெரியாது அல்லவா, அதனால் ஸ்டீவன் அண்ணன் அவளுக்காகக் கத்தினார்.

"கை!"

எனக்கு நன்றாகக் கேட்டது. மிஷின் நின்றிருந்ததால் அவர் மூச்சு வாங்கியதுகூடக் கேட்டது. நான் திருப்பிக் கத்த வேண்டும், கையைத் தூக்க வேண்டும். அவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். இரண்டாவது தடவையும் கத்தினார். நான் பட்டனை அழுத்தினேன். உருளையை அங்குலம் அங்குலமாக நகர்த்தும் பட்டன் அது. வேகமாக எதுவும் நடந்துவிடவில்லை. விரலை எடுத்திருந்தால் நின்றிருக்கும். வேண்டிய அளவு நகர்ந்த பிறகுதான் எடுத்தேன்.

அதற்கப்புறம் செய்ய வேண்டியதை ஒழுங்காகச் செய்தேன். உருளையைப் பின்னோக்கி ஓட்டிக் கையை விடுவித்தேன், மணிக்கட்டுக்கு மேலே துண்டால் இறுக்கினேன், ஆம்புலன்ஸில் அவள் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் வழி முழுக்க "அண்ணா, விட்டுட்டுப் போவாதீங்க" என்றே சொல்லிக்கொண்டு வந்தாள். டாக்டர் நான் போட்ட கட்டைப் பாராட்டினார். விரல்களைத்தான் காப்பாற்ற முடியவில்லை. குழுவில் அவள் குணமடைய வேண்டுமென்று முதலில் எழுதியவன் நான்தான். பலரும் அதைப் படித்து அழுததாகச் சொன்னார்கள்.

அவள்மேல் எனக்குக் கோபம் இருந்ததில்லை, சார். நூலைக் காப்பாற்ற ஒருவர் வேண்டியிருந்தது. முகத்தை மாற்று என்றுதான் கேட்டேன், நல்ல வார்த்தையில் கேட்டேன். அவள் மாற்றியிருந்தால் இன்றைக்கு இரண்டு கையோடும் வரைந்துகொண்டிருப்பாள்.

அட்டையை வேறு ஊரில் அடித்துவிட்டார்கள். போன வாரம் குழுவில் படம் வந்தது. ஷைனி கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, இடது கையால் தாளில் கையெழுத்துப் போடுகிறாள். எழுத்து கோணல்மாணலாக இருந்தது. ஆனால் தொழில்காரனாகச் சொல்கிறேன், கறுப்பு சரியாக ஏறியிருந்தது. தழும்பில் ஒரு புள்ளிகூட இல்லை.

ஆகவே ஸ்டீவன் அண்ணனை விட்டுவிடச் சொல்லுங்கள். என் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் அந்த வார்த்தையையும் அடித்துவிடுங்கள். முழுக் கவனத்தோடு செய்தேன் என்று எழுதிக்கொள்ளுங்கள், நான் கையெழுத்துப் போடுகிறேன்.

என்ன கேட்டீர்கள், அந்தப் பெண் சொன்ன வரி கதையில் உண்மையிலேயே இருக்கிறதா என்றா? இருக்கிறது, சார். 'ஆழினி விளக்கைத் தூக்கிப் பிடித்தாள். நெருப்பு நக்கிய இடது கன்னம் அந்தக் கரிய முகத்தில் மினுங்கியது.' அந்தப் பக்கம் முழுவதும் சொல்லட்டுமா? எனக்குப் பார்க்காமலே வரும்.