ஸ்ரீ பொன்னம்மாளின் மகளுக்கு ஒரு கையெழுத்து

மேடையில் வீற்றிருக்கும் மன்றத் தலைவர் அவர்களே, அவருக்கு இருபுறமும் அமர்ந்திருக்கும், பச்சை மையில் கையெழுத்துப் போடும் தகுதி படைத்த பெரியோர்களே, எலியேசர் ஐயாவின் துணைவியார் தெரசா அம்மா அவர்களே, சரோஜினி நகரிலிருந்தும் புசா ரோட்டிலிருந்தும் பஸ் மாறி இந்த இரங்கல் கூட்டத்துக்கு வந்திருக்கும் அன்பர்களே, நாற்காலி போதாமல் வாசலில் நிற்கும் தாய்மார்களே! அனைவருக்கும் ராஜலக்ஷ்மியின் வணக்கம்.

எலியேசர் ஐயா எங்கள் பெண்கள் கல்லூரி அலுவலகத்தில் தலைமை எழுத்தர். நான் டைப்பிஸ்ட். பதினொரு வருஷம் அவருக்கு எதிர் மேசை. எனக்கு முன்னால் ஐந்து பேர் பேசினார்கள். தூண் சாய்ந்தது என்றார் ஒருவர். விளக்கு அணைந்தது என்றார் இன்னொருவர். தமிழினத்துக்கே இழப்பு என்றார் மூன்றாமவர். ஆகா! என்ன தமிழ்! என்ன உருக்கம்! இந்த ஒரு மாதமாக அதே எலியேசர் ஐயா உங்கள் வீட்டு மணியை அழுத்தியபோது இந்தத் தமிழெல்லாம் எங்கே போயிருந்தது? "சாப் கர் மே நஹீ ஹை" என்று, ஐயா வீட்டில் இல்லையென்று, உள்ளேயிருந்து இந்தியில் அல்லவா குரல் வந்தது?

எதற்காக வந்தார்? நன்கொடைக்கா? தன் பிள்ளைக்கு வேலை கேட்டா? ஒரு கையெழுத்துக்கு! ஒரே ஒரு கையெழுத்துக்கு!

வடிவு என்றொரு பெண். இதோ மூன்றாம் வரிசையில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருக்கிறாள். புசா ரோடு பள்ளியில் தமிழில் படித்து எங்கள் கல்லூரியில் இடம் பிடித்தவள். தாயார் பொன்னம்மாள், இந்த ஆர்.கே.புரத்துக் குவார்ட்டர்ஸ்களில் பாத்திரம் தேய்ப்பவர். தகப்பன் எட்டு வருஷத்துக்கு முன் பம்பாயில் வேலை என்று சொல்லி ரயிலேறினான். அதன்பின் ஒரு கடுதாசி கிடையாது.

கல்லூரி உதவித்தொகைப் படிவமோ தகப்பனைக் கேட்கிறது. தகப்பன் பெயர், தகப்பன் வேலை, தகப்பன் வருமானம், தகப்பன் கையெழுத்து! உயிரோடிருந்தால் அவன் கையெழுத்து வேண்டும். செத்திருந்தால் மரணச் சான்றிதழ் வேண்டும். ஓடிப்போனவனுக்கு அதில் கட்டமே இல்லை. இந்த தேசத்தில் எந்த ஆண்பிள்ளையும் ஓடிப்போனதில்லை என்று அதை அச்சடித்தவர்களுக்கு அப்படி ஒரு நம்பிக்கை!

"செத்துட்டார்னு ஒரு அஃபிடவிட் போட்டுக் குடும்மா, ஜல்தி முடிஞ்சுடும்" என்று யோசனை சொன்னார் நம் மன்றத்துப் பெரிய மனிதர் ஒருவர். எம்.ஏ. படித்தவர். எழுத்துக்கூட்டக்கூடத் தெரியாத பொன்னம்மாள் சொன்ன பதிலை என் காதால் கேட்டேன். "அந்தாளு இருந்தா என்னங்க, செத்தா என்னங்க? ஆனா எம் பொண்ணு பொய் சொல்லிப் படிக்க வேணாம்."

எலியேசர் ஐயா பெரிய பதவி வகித்தவரா? இல்லை. மேடை ஏறியவரா? இன்று படமாகத்தான் ஏறியிருக்கிறார். மத்தியானச் சாப்பாட்டு டப்பாவை மூடி வைத்துவிட்டுப் பெண்களின் படிவங்களை எழுதுவார். அதுதான் அவர் பொதுவாழ்வு. போன வருஷம் வடிவைக் கூட்டிக்கொண்டு உதவித்தொகை அலுவலகத்துக்கே போனார். பள்ளிப் பதிவேட்டில் இவள் பொ. வடிவு, இங்கிலீஷில் பி. வடிவு. தகப்பன் போன பிறகு அந்தப் பள்ளியில் கொண்டுபோய்ச் சேர்த்தவள் தாய், அதனால் தாயின் எழுத்து. அங்கிருந்த இந்திக்காரக் குமாஸ்தா "பி மானே க்யா?", பி என்றால் என்ன என்று கேட்டார். பொன்னம்மாள், அது தாயின் பெயர் என்று ஐயா இந்தியிலேயே விளக்கினார். "அச்சா, அச்சா" என்று தலையாட்டிக்கொண்டே அந்த மனிதர் எழுதினார். தந்தை பெயர்: ஸ்ரீ பொன்னம்மாள்!

சிரியுங்கள். ஐயாவும் சிரித்தார். சிரித்துவிட்டு, "பாய் சாப், அது பெண்பிள்ளை" என்று மறுபடியும் எடுத்துச் சொன்னார். மதராசிப் பெயரெல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கிறது என்று சொல்லி முத்திரையைக் குத்திவிட்டார் குமாஸ்தா. பொன்னம்மாளின் வருமானம் தகப்பன் வருமானம் ஆயிற்று. பொன்னம்மாளின் கைநாட்டு தகப்பன் கையெழுத்து ஆயிற்று. ஒரு வருஷம் வடிவு நிம்மதியாகப் படித்தாள், வகுப்பில் முதலாவதாக வந்தாள். உண்மையைச் சொல்லியும் யாரும் காதில் வாங்காததால் டில்லியில் ஒரு நல்லது நடந்ததென்றால், எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

அதைக் கெடுத்தது யார்? இந்திக்காரரா? பஞ்சாபிக்காரரா? நம்மவர்! இந்த வருஷம் அந்த அலுவலகத்துக்கு மாற்றலாகி வந்த தமிழர்! பொன்னம்மாள் என்பது பெண்பெயர் என்று கண்டுபிடிக்கும் அளவுக்கு அவருக்குத் தமிழ் இருந்தது. அந்தத் தமிழை வைத்து என்ன செய்தார்? 'மோசடி' என்று கோப்பில் குறிப்பெழுதினார். உதவித்தொகை நின்றது. ஐயாவுக்கு மெமோ கொடுக்கச் சொல்லிக் கல்லூரிக்குக் கடிதம் வந்தது. அந்த அதிகாரிக்கு இன்று வர நேரமில்லையாம், மலர்வளையம் அனுப்பியிருக்கிறார். படத்துக்குக் கீழே பெரிதாக இருக்கிறதே, அதுதான்.

அந்த மெமோவை டைப் அடித்தது யார்? நான்தான். மூன்று பிரதிக்குக் கார்பன் வைத்து அடித்தேன். இன்று உங்களை ஏசும் இந்த வாய்க்கு அன்று "மாட்டேன்" என்று சொல்லத் தெரியவில்லை. நினைத்தால் என்மேல் எனக்கே அருவருப்பாக இருக்கிறது. காகிதத்தை நீட்டியபோது ஐயா நிதானமாகப் படித்தார். "நல்லா அடிச்சிருக்கம்மா. என் பேர்ல மட்டும் ஒரு எழுத்து விட்டுப்போச்சு பாரு" என்றார்.

ஒரு வழி மிச்சமிருந்தது. 'இந்தக் குடும்பத்தை எனக்குத் தெரியும், தகப்பன் எட்டு வருஷமாக இல்லை, தாய்தான் வளர்க்கிறாள்' என்று பச்சை மைக் கெஜடெட் அதிகாரி ஒருவர் எழுதிக் கையெழுத்திட்டால் போதும். இந்தக் காலனியில் கெஜடெட் அதிகாரிகளுக்கா பஞ்சம்? அறுபது வயதை நெருங்கும் மனிதர் பதினான்கு வீடுகளுக்குப் படியேறினார். ஒருவருக்குப் பிரமோஷன் வரும் சமயம். ஒருவருக்கு வலது கையில் சுளுக்கு. ஒருவர் மலை மந்திர் முருகன் கோயிலுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார், நல்ல காரியத்துக்குப் போகும்போது வில்லங்கம் வேண்டாம் என்றார்.

கடைசி வீட்டுக்கு நானும் கூடப் போனேன். அது நம் தலைவர் வீடு. தலைவர் கோபிக்கக் கூடாது, நடந்ததைத்தான் சொல்கிறேன். எங்களை வாசலிலேயே நிறுத்திவைத்து நீங்கள் சொன்னீர்கள்: "பர்சனலா தெரிஞ்சாத்தான் சைன் பண்ண முடியும், மிஸ்டர் எலியேசர். இந்த ஜுக்கி, குடிசை ஜனங்கள எனக்கு எப்படித் தெரியும்?" உள்ளே குழாய் ஓடிக்கொண்டிருந்தது. பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. படியிறங்கும்போது ஐயா மெதுவாகக் கேட்டார், "சத்தம் கேட்டியாம்மா? உள்ள தேய்ச்சிட்டிருக்கது பொன்னம்மாதான்." ஆறு வருஷமாக உங்கள் வீட்டில் அவர்தான் தேய்க்கிறார்.

மறுநாள் காலை பஸ் ஸ்டாப்பில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் பிறகு எழுந்திருக்கவில்லை. அவர் பையைத் தெரசா அம்மா என்னிடம் கொடுத்தார். உள்ளே சாப்பாட்டு டப்பா, குடை, இந்தப் படிவம். நாளை திங்கட்கிழமை. நாளைதான் கடைசித் தேதி. நாளை மாலை ஐந்து மணிக்குள் இது போய்ச் சேராவிட்டால் வடிவும் தாயோடு பாத்திரம் தேய்க்கத்தான் வருவாள்.

ஐயா விட்டுச் சென்ற பணியைத் தொடர்வோம் என்று ஐந்து பேரும் சூளுரைத்தார்கள். நானும் சொல்கிறேன். நாளை முதல் மத்தியான வேளையில் அவர் நாற்காலியில் நான் உட்காருவேன். தகப்பன் கையெழுத்துக் கிடைக்காத எந்தப் பெண் வந்தாலும் அவள் படிவத்தை நான் எழுதுவேன். இன்னொரு மெமோ வந்தால் அதில் என் பெயர் இருக்கட்டும். அதை வேறு யாராவது டைப் அடிக்கட்டும். இது என் பங்கு.

உங்கள் பங்கு? இதோ படிவம். இதோ ஐயாவின் பேனா. இன்று காலை பச்சை மை ஊற்றிக் கொண்டுவந்தேன். இன்னும் சற்று நேரத்தில் எல்லோருக்கும் டீ வரும். அதற்காகப் பின்பக்கம் ஓர் அம்மாள் கிளாஸ் கழுவுகிறார், குழாய்ச் சத்தம் கேட்கிறது அல்லவா? தலைவர் அவர்களே, இத்தனை பேர் முன்னிலையில் கேட்கிறேன், பதில் கிடைக்கும்வரை இந்த மைக்கை விட்டு நகரமாட்டேன். பொன்னம்மாளை உங்களுக்குத் தெரியுமா?